கேள்வி – பதில்: செயற்கைக்கோள் நேரமும் உங்கள் அலுவலகக் கடிகாரமும்

ஏற்காட்டு வாசகர் ஒருவரின் கேள்விக்கே இம்மாதம் அதிக இடம் ஒதுக்கியிருக்கிறோம். அதை ஒட்டி, சேலம் நகரத்திலிருந்து வந்த வேறு சில கேள்விகளுக்கும் விடை தரப்பட்டுள்ளது.

எங்கள் காபி எஸ்டேட்டின் அலுவலகம், பழத்தோல் உரிக்கும் பல்பர் கூடம், கிடங்கு ஆகிய இடங்களில் கண்காணிப்புக் கேமராக்களும், வாசலில் விரல்ரேகை வருகைப் பதிவு இயந்திரமும் உள்ளன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்தைக் காட்டுகிறது. அண்மையில் ஒரு தொழிலாளி வந்த நேரம் இயந்திரத்தில் 7.41 என்றும், அதே வாசலைப் பார்க்கும் கேமராவில் 7.29 என்றும் பதிவாகி, அரை நாள் கூலி குறித்து வாக்குவாதம் வந்துவிட்டது. மழைக்காலத்தில் இங்கே இணையம் நாள்கணக்கில் இருக்காது. செயற்கைக்கோளிலிருந்து நேரம் பெற்று மற்றக் கருவிகளுக்கு வழங்கும் சர்வர் ஒன்றை நாங்களே அமைக்க முடியுமா?
– ஏற்காடு வாசகர்

முடியும். பலர் தேவையில்லாமல் ஆசைப்படும் இந்தச் சாதனம் உண்மையிலேயே தேவைப்படும் இடம் உங்களுடையது. இணையம் தடையின்றி வரும் அலுவலகமாக இருந்தால், எல்லாக் கருவிகளையும் இணைய நேர சர்வர் ஒன்றைப் பார்க்கும்படி அமைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

முதலில், அந்த 12 நிமிட வேறுபாட்டில் எந்த மர்மமும் இல்லை. கேமராப் பதிவுப் பெட்டிக்குள்ளும் வருகை இயந்திரத்துக்குள்ளும் இருப்பவை சாதாரண குவார்ட்ஸ் படிகங்கள். பத்து லட்சத்துக்கு இருபது பங்கு பிழை என்பது இவற்றில் வெகு இயல்பானது. அது ஒரு நாளைக்கு 1.7 நொடி, மாதத்துக்கு ஏறத்தாழ 52 நொடி, ஓராண்டில் பத்து நிமிடத்துக்கும் மேல். ஒன்று முந்தியும் மற்றொன்று பிந்தியும் ஓடினால், யாரும் திருத்தாமல் விட்ட ஏழெட்டு மாதங்களிலேயே உங்கள் நிலைமை வந்துவிடும். யாரும் நேரத்தை மாற்றி வைத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதை அந்தத் தொழிலாளிக்கும் மேஸ்திரிக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

தேவையான பொருள்கள் அதிகமில்லை. நொடிக்கு ஒரு மின் துடிப்பைத் தனி முனையில் வெளியே தரும் ஜிபிஎஸ் ரிசீவர், வெளியில் பொருத்தும் ஆன்டெனா, ராஸ்பெரி பை போன்ற சிறு கணினி, ஏற்கெனவே கேமராக்களுக்காக நீங்கள் வைத்திருக்கும் நெட்வொர்க் சுவிட்ச், இவற்றுக்கு ஒரு யுபிஎஸ் ஆகியவை போதும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அணுக் கடிகாரங்களைச் சுமந்து சுற்றுகின்றன. தலைக்கு நேர் மேலே இருக்கும் ஒன்றின் அலை நம்மை வந்தடைய 67 மில்லி நொடி ஆகிறது. ரிசீவர் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் அலைகளைக் கொண்டு தான் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் சேர்த்தே கணக்கிட்டு, அந்தப் பயண நேரத்தைக் கழித்துவிடுகிறது. இடத்தில் முப்பது சென்டிமீட்டர் பிழை என்றால் நேரத்தில் அது ஒரே ஒரு நானோ நொடி. எனவே மலிவான ரிசீவரும் கூலிக் கணக்குக்கு வேண்டியதைவிடப் பல லட்சம் மடங்கு துல்லியமானதுதான். விலை உயர்ந்த நேரக் கருவி விற்க வருபவரிடம் இதை நினைவில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

உங்கள் மலையில் பணத்தைவிட ஆன்டெனா இருக்கும் இடமே முக்கியம். மூடுபனி ஒரு தடையே அல்ல. ஜிபிஎஸ் பயன்படுத்தும் 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலைக்குப் பனியும் மழையும் பொருட்டில்லை. ஆனால் இலைகள் பொருட்டுதான். காபிச் செடிகளுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் படர்ந்த மிளகுக் கொடி, அதன்மேல் தேங்கிய மழைநீர் என எல்லாம் சேர்ந்து, ஏற்கெனவே மிக மெலிந்து வரும் அலையை மேலும் மங்கச் செய்துவிடும். கோடையில் ஒழுங்காக ஓடிய சர்வர் ஐப்பசி மழையில் செயற்கைக்கோளைத் தொலைப்பது பெரும்பாலும் இதனால்தான். அலுவலகக் கூரை தகரமாக இருந்தால் ஆன்டெனாவை உள்ளே வைப்பதில் பயனில்லை. மரக்கிளைகளுக்கு விலகி, வானம் பரவலாகத் தெரியும் காய்களம் போன்ற வெட்டவெளியின் ஓரத்தில் ஒரு குழாய் நட்டு அதன் உச்சியில் பொருத்துவது சிறந்தது. ஒரு பக்கம் மலைச்சரிவு மறைத்தாலும் பரவாயில்லை. பாதி வானம் கிடைத்தால் போதும்.

அப்படி வெட்டவெளியில் நடும் குழாய் இடியை அழைக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். சித்திரை, வைகாசி மாதங்களின் கோடை இடி சேர்வராயன் மலையில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆன்டெனாக் குழாயைக் கட்டட இடிதாங்கியைவிடத் தாழ்வாக வையுங்கள். கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் மின்னெழுச்சித் தடுப்பான் ஒன்றைப் பொருத்தி, அதைக் கட்டடத்தின் எர்த்துடன் தடித்த கம்பியால் இணையுங்கள். இந்தத் தடுப்பான் ஆன்டெனாவுக்குச் செல்லும் நேர்மின்சாரத்தைக் கடத்த விடும் வகையா என்று கேட்டு வாங்க வேண்டும், ஏனெனில் வெளி ஆன்டெனாவுக்குள் இருக்கும் அலைபெருக்கிக்கு மின்சாரம் அதே கேபிள் வழியாகத்தான் போகிறது. கேபிளின் நீளத்தால் ஏற்படும் தாமதம் மீட்டருக்கு ஐந்து நானோ நொடி அளவுதான். அதைக் கணக்கிட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

சிறு கணினியில் இரண்டு இலவச மென்பொருள்கள் வேண்டும். ரிசீவர் பேசுவதைப் புரிந்துகொள்ள ஜிபிஎஸ்டி. அதைக் கொண்டு கணினியின் கடிகாரத்தை நெறிப்படுத்தி, மற்றக் கருவிகளுக்கு என்டிபி என்ற, நெட்வொர்க் வழியே நேரம் பகிரும் முறையில் நேரம் வழங்க கிரோனி. கிரோனி வெளியாரைத் தானாக அனுமதிக்காது. உங்கள் உள் நெட்வொர்க்கின் முகவரித் தொகுதியை அதன் அமைப்புக் கோப்பில் ‘அலவ்’ (allow) வரியாகச் சேர்க்க வேண்டும். வானம் தெரியாமல் போனாலும் கடைசியாகத் தெரிந்த நேரத்திலிருந்து தொடர்ந்து வழங்கும்படி ‘லோக்கல் ஸ்ட்ராட்டம் 10’ (local stratum 10) என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள். கிரோனி தன் கணினியின் படிகம் எவ்வளவு பிசகுகிறது என்பதைக் கற்று வைத்துக்கொள்வதால், ஓரிரு நாள் ஜிபிஎஸ் இல்லாவிட்டாலும் உங்கள் பயன்பாட்டுக்கு ஒன்றும் கெட்டுவிடாது. ராஸ்பெரி பையின் பழைய வகைகளில் மின்சாரம் போனால் நேரம் நினைவில் நிற்காது. யுபிஎஸ் கேட்டது அதனால்தான். ஐந்தாம் வகையில் கடிகாரச் சிப் உள்ளது, ஆனால் அதற்கான பேட்டரியைத் தனியாக வாங்கி இணைக்க வேண்டும்.

இனி, சிறு கணினிக்கு மாறாத உள்முகவரி ஒன்றைக் கொடுத்து, அதே முகவரியைக் கேமராப் பதிவுப் பெட்டியின் என்டிபி பகுதியிலும் வருகை இயந்திரத்திலும் எழுதிவிடுங்கள். சில வருகை இயந்திரங்களில் என்டிபி பகுதியே இருக்காது. அவை அலுவலகக் கணினியின் மென்பொருளிலிருந்துதான் நேரம் எடுக்கும். அப்படியானால் அந்தக் கணினியைச் சர்வருடன் இணைக்க வேண்டும்.

ஒரு வேலையை மட்டும் இதற்கெல்லாம் முன்பே செய்யுங்கள். கருவிகளின் நேரத்தைத் திருத்துவதற்கு முன், ஒவ்வொன்றின் திரையையும் சரியான நேரம் காட்டும் ஒரு செல்பேசியுடன் சேர்த்துப் படமெடுத்து வையுங்கள். புதிய சர்வர் இனிவரும் பதிவுகளைத்தான் சரிசெய்யும். தகராறில் உள்ள அந்த 7.41-க்கும் 7.29-க்கும் விடை சொல்லப்போவது, எது எவ்வளவு பிசகியிருந்தது என்று காட்டும் அந்தப் படங்கள்தான்.

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் யுஎஸ்பி வழியாக இணையும் ஜிபிஎஸ் ரிசீவரை ராஸ்பெரி பையில் செருகி நேர சர்வர் அமைத்தோம். இணைய நேர சர்வர்களுடன் ஒப்பிட்டால் சில நூறு மில்லி நொடி பின்தங்குகிறது. அந்த அளவும் நிலையாக இல்லை. அணுக் கடிகாரத்திலிருந்து நேரம் வரும்போது இது எப்படி நேர்கிறது?
– கருப்பூர் வாசகர்

ரிசீவர் இரண்டு வழிகளில் நேரம் சொல்கிறது. நீங்கள் மட்டமான வழியை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஆகாசவாணியில் செய்திக்கு முன் ஒலிக்கும் ‘பீப்’ ஒலியையும், அதையடுத்து அறிவிப்பாளர் நேரத்தை வாயால் சொல்வதையும் நினைத்துக்கொள்ளுங்கள். மணி எத்தனை என்று சொல்வது அறிவிப்பாளர். கடிகாரத்தைத் திருப்ப வேண்டியது பீப் ஒலிக்கும் கணத்தில்.

அறிவிப்பாளர் குரலுக்கு இணையானது ரிசீவர் ஒவ்வொரு நொடியும் அனுப்பும் என்எம்இஏ என்ற எழுத்து வரிகள். 9600 பாட், அதாவது நொடிக்கு 9600 பிட் வேகத்தில், ஓர் எழுத்துக்குப் பத்து பிட் ஆவதால் ஒரு நொடிக்கு 960 எழுத்துகள்தாம் போகும். வழக்கமான வரித்தொகுப்பு நானூறு, ஐந்நூறு எழுத்துகள் இருக்கும். ஆகவே கடைசி வரி வந்து சேரும்போது அரை நொடி கழிந்திருக்கும். அதோடு, வானில் தெரியும் செயற்கைக்கோள்கள் கூடினால் அவற்றைப் பட்டியலிடும் வரிகளும் கூடும், குறைந்தால் குறையும். உங்கள் பிழை நிலையாக இல்லாததற்கு முதன்மைக் காரணம் இதுதான். யுஎஸ்பி தன் பங்குக்கு ஒரு மில்லி நொடி அளவு தடுமாற்றத்தைச் சேர்க்கிறது.

பீப் ஒலிக்கு இணையானது பிபிஎஸ் எனப்படும் நொடித் துடிப்பு. ஒவ்வொரு நொடியின் தொடக்கத்திலும் ஒரு முனையின் மின்னழுத்தம் சட்டென்று உயரும். மலிவான ரிசீவரிலும் அந்த உயர்வு நூறு நானோ நொடிக்குள் சரியாக இருக்கும். ஆனால் அது எந்த நொடி என்று துடிப்பு சொல்லாது. எனவே இரண்டும் வேண்டும்.

உங்களுடைய யுஎஸ்பி ரிசீவரில் துடிப்பு முனை வெளியே வராது என்பதால், தனி ரிசீவர் பலகை ஒன்றை வாங்குங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை: கடைகளில் மிக மலிவாகக் கிடைக்கும் பலகைகள் பலவற்றில் மின்சாரம், எர்த், எழுத்து வரிகள் போக ஒன்று, வர ஒன்று என நான்கு முனைகள்தாம் இருக்கும். இடம் கிடைத்ததும் அதன் சிறு விளக்கு நொடிக்கொரு முறை மின்னத் தொடங்கும். அந்த விளக்கை எரியவைப்பதே நொடித் துடிப்புதான். கைத்திறன் உள்ள மாணவர் விளக்குக்குச் செல்லும் தடத்தில் ஒரு மெல்லிய கம்பியைப் பற்றவைத்து அதை வெளியே எடுத்துவிடுவார். இல்லையென்றால் ஐந்தாவது முனையாகத் துடிப்பை வெளியே தரும் பலகையாகக் கேட்டு வாங்குங்கள்.

அந்தக் கம்பியை ராஸ்பெரி பையின் 12-ஆவது முனையில், அதாவது ஜிபிஐஓ 18-இல், இணைப்பது வழக்கம். அந்த முனைகள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. இயங்குதளத்தின் தொடக்க அமைப்புக் கோப்பில் பிபிஎஸ் வசதியை இயக்கி, எழுத்து வரிகள் வரும் சீரியல் முனையை முனையத் திரை (டெர்மினல்) பிடித்துக்கொண்டிருப்பதை விடுவிக்க வேண்டும். ஜிபிஎஸ்டியை யாரும் கேட்காதபோதும் ரிசீவரைப் படிக்கும்படி இயக்குங்கள்; அதற்கான ‘-n’ தெரிவை விட்டுவிட்டு, சர்வருக்கு ஏன் நேரம் வரவில்லை என்று திகைப்பவர்கள் ஏராளம். கிரோனியில் எழுத்து வரிகளுக்கான மூலத்தை ‘நோசெலக்ட்’ என்று குறித்துவிட்டு, துடிப்பு மூலத்தை அதனுடன் ‘லாக்’ செய்யுங்கள். அப்போது எழுத்து வரி நொடியின் எண்ணை மட்டும் சொல்லும். நேரத்தைத் துடிப்பு பிடித்துக்கொள்ளும். எழுத்து வரிகளின் சராசரித் தாமதத்தை அளந்து ‘ஆஃப்செட்’ மதிப்பாகக் கொடுப்பது மட்டும் கட்டாயம், ஏனெனில் அது அரை நொடியைத் தாண்டித் தவறினால் துடிப்பு அடுத்த நொடியோடு ஒட்டிக்கொண்டு, வெகு துல்லியமாக ஒரு நொடி தவறான நேரத்தை உங்கள் சர்வர் வழங்கும். ஆய்வகத்தில் இதை வேண்டுமென்றே செய்து காட்டினால் மாணவர்கள் மறக்க மாட்டார்கள்.

எல்லாம் சரியானதும் கிரோனியின் மூலப் பட்டியலில் பிபிஎஸ் வரிக்கு முன் நட்சத்திரக் குறி தோன்றும். பிழை சில மைக்ரோ நொடிகளுக்கு இறங்கும். அதன் பிறகும் இணைய சர்வர்கள் சில மில்லி நொடி விலகித் தெரிந்தால், இப்போது சந்தேகப்பட வேண்டியது இணையத்தை. டெலவர் பல்கலைக்கழகத்தின் டேவிட் மில்ஸ் 1980-களில் வடிவமைத்த என்டிபி, கேள்வி புறப்பட்டது, சேர்ந்தது, விடை புறப்பட்டது, சேர்ந்தது என்ற நான்கு நேரங்களைக் கொண்டு கணக்கிடுகிறது. போகும் வழியும் வரும் வழியும் ஒரே தாமதம் என்று அது நம்புகிறது. செல்பேசி இணையத்தில் அது உண்மையல்ல. இரு வழிகளுக்கும் இடையிலான வேறுபாட்டில் பாதி அப்படியே பிழையாகிவிடும். உங்களிடம் இப்போது ஓர் அளவுகோல் இருப்பதால், சேலத்தில் கிடைக்கும் ஒவ்வொரு இணைய இணைப்பின் சமச்சீரின்மையையும் மாணவர்களைக் கொண்டு அளந்து பார்க்கலாம். இது நல்ல செயல்திட்டமாகவும் அமையும்.

ரிசீவரைப் புதிதாக இயக்கும்போது சிறிது நேரம் 18 நொடி முந்திக் காட்டுகிறது. பிறகு தானே சரியாகிவிடுகிறது. பழுதா?
– சூரமங்கலம் வாசகர்

பழுதில்லை. ஜிபிஎஸ் தனக்கென்று ஒரு நேரக் கணக்கை 1980 ஜனவரி 6 முதல் வைத்திருக்கிறது. பூமியின் சுழற்சிக்கு ஈடுகொடுக்க உலக நேரத்தில் அவ்வப்போது சேர்க்கப்படும் லீப் நொடிகளை அது சேர்ப்பதில்லை. அதன் பின் சேர்ந்த லீப் நொடிகள் 18. கடைசியாகச் சேர்ந்தது 2016-இன் இறுதியில், நமக்கு 2017 ஜனவரி 1 காலை 5.30-க்குச் சற்று முன். வேறுபாடு எவ்வளவு என்ற தகவலையும் செயற்கைக்கோள்கள் அனுப்புகின்றன, ஆனால் முழுச் செய்தியும் ஒரு சுற்று வர 12.5 நிமிடம் ஆகும். அதுவரை ரிசீவர் உள்ளே எழுதப்பட்ட பழைய மதிப்பையோ வெறும் ஜிபிஎஸ் நேரத்தையோ காட்டலாம். பொறுத்திருங்கள், பொறுமையிழந்து அமைப்புக் கோப்பில் 18 நொடியைக் கழித்துவிட்டால் கால் மணி நேரத்தில் 18 நொடி பின்தங்கிவிடுவீர்கள். லீப் நொடி வழக்கத்தை 2035-க்குள் கைவிட 2022-இல் எடைகள், அளவைகள் குறித்த பன்னாட்டு மாநாடு முடிவெடுத்திருப்பதால், இந்தத் தொல்லை இனி அதிகம் வளராது.

பழைய பொருள் கடையில் வாங்கிய ஜிபிஎஸ் ரிசீவர் மணி, நிமிடம், நொடி எல்லாவற்றையும் சரியாகக் காட்டுகிறது. தேதி மட்டும் இருபது ஆண்டுகளுக்கு முந்தையது. இதைச் சர்வருக்குப் பயன்படுத்தலாமா?
– செவ்வாய்ப்பேட்டை வாசகர்

ஜிபிஎஸ் வார எண்ணை பத்து பிட்டுகளில் அனுப்புகிறது. எனவே 1024 வாரங்களுக்கு ஒருமுறை, அதாவது 19 ஆண்டு 7 மாதங்களுக்கு ஒருமுறை, எண்ணிக்கை பூச்சியத்துக்குத் திரும்பும். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அப்படித் திரும்பியது. அடுத்தது 2038 நவம்பரில். உங்கள் ரிசீவரின் மென்பொருள் ஒரு சுற்று பின்னால் நின்றுவிட்டது. நொடித் துடிப்பு இன்னமும் சரியே என்பதால், இணையத்திலிருந்து தேதியை எடுத்துக்கொள்ளும் சோதனை சர்வரில் வைத்து விளையாடலாம். ஏற்காட்டு எஸ்டேட் போல இணையமற்ற இடத்துக்கு இதை அனுப்பாதீர்கள்.

ஜிபிஎஸ் அமெரிக்காவுடையது என்பதால் அமெரிக்க நேரம்தானே வரும்? நம் நாட்டின் நாவிக் செயற்கைக்கோள்களைப் பயன்படுத்த முடியாதா?
– ஓமலூர் வாசகர்

ரிசீவர் தருவது உலகப் பொது நேரம். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டுவது அந்தந்தக் கருவியின் வேலை. சர்வர் எந்த நாட்டில் இருக்கிறது என்பதே என்டிபிக்குத் தெரியாது. இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. சேலமோ 78 டிகிரியை ஒட்டி இருப்பதால், சராசரியாக இங்கே சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் 12.17 காட்டும். ரிசீவர் தன் இடத்தை அறிந்தாலும் இந்த வேறுபாட்டை நேரத்தில் சேர்க்காது.

நாவிக்கைப் பயன்படுத்தலாம், ஆனால் வாங்கும்போது கவனம் தேவை. முதல் தலைமுறை நாவிக் செயற்கைக்கோள்கள் எல்5, எஸ் என்ற அலைவரிசைகளில் மட்டும் ஒலிபரப்புவதால், எல்1 (மேலே சொன்ன 1575.42 மெகாஹெர்ட்ஸ்) மட்டும் கேட்கும் மலிவு ரிசீவர்களுக்கு அவை எட்டாது. 2023 மே 29 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட என்விஎஸ்-01 தான் உள்நாட்டு ருபிடியம் அணுக் கடிகாரத்தையும் எல்1 அலைவரிசையையும் முதலில் கொண்டு சென்றது. அடுத்ததாக 2025 ஜனவரியில் சென்ற என்விஎஸ்-02 உரிய சுற்றுப்பாதையை அடையவில்லை. ஆகவே இன்றைக்கு நாவிக்கை மட்டும் நம்பி ஒரு நேர சர்வர் அமைக்க நான் பரிந்துரைக்க மாட்டேன். ஜிபிஎஸ்ஸுடன் நாவிக்கையும் சேர்த்துக் கேட்கும் ரிசீவர் கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள்.

எங்கள் மென்பொருள் நிறுவனத்துக்கு ஜிபிஎஸ் நேர சர்வர் வாங்கினால் அரசு விதிக்கு அது போதுமா?
– அஸ்தம்பட்டி வாசகர்

துல்லியத்துக்குப் போதும், விதிக்கு அது மட்டும் போதாது. கணினிப் பாதுகாப்புக்கான மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, கணினி அமைப்புகளின் நேரத்தைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் என்டிபி சர்வர்களுடன், அல்லது அவற்றோடு தொடர்புபடுத்திக் காட்டத்தக்க சர்வர்களுடன், ஒத்திசைக்கச் சொல்கிறது. இந்திய நேரத்தைப் பேணும் பொறுப்பு புதுதில்லியில் உள்ள அந்த ஆய்வகத்துடையது. உங்கள் ஜிபிஎஸ் சர்வரிலேயே இவ்விரு நிறுவனங்களின் சர்வர்களையும் மூலங்களாகச் சேர்த்து, வேறுபாட்டைப் பதிவேட்டில் தொடர்ந்து எழுதும்படி அமைத்துவிட்டால் தணிக்கைக்கு வருபவரிடம் காட்ட ஆதாரம் இருக்கும். ஜிபிஎஸ் என்றாவது பொய் சொன்னால் கண்டுபிடிக்கவும் இதுவே வழி. மூலம் ஒன்று மட்டும் இருந்தால் தவறு தெரியாது. இரண்டு இருந்தால் எது தவறு என்று தெரியாது. எனவே ஜிபிஎஸ்ஸையும் சேர்த்துக் குறைந்தது மூன்று வையுங்கள்.

வீட்டில் அமைத்த நேர சர்வரை ஊரார் எல்லாரும் பயன்படுத்த இணையத்தில் திறந்துவிடலாமா?
– அம்மாப்பேட்டை வாசகர்

நல்லெண்ணம்தான், ஆனால் வீட்டு இணைப்பில் வேண்டாம். பல வீட்டு இணைப்புகளில் உங்களுக்கென்று தனிப் பொதுமுகவரியே கிடைப்பதில்லை. கிடைத்தாலும் அது மாறிக்கொண்டிருக்கும். என்டிபி பயன்படுத்தும் யுடிபி வகைச் செய்திகளில் அனுப்புநர் முகவரியைப் போலியாக எழுதி, விடைகளை வேறொருவர்மேல் குவிக்க முடியும் என்பதால், கவனமின்றித் திறந்துவிடப்பட்ட பழைய என்டிபி சர்வர்களைக் கொண்டே 2014-இல் பெரும் இணையத் தாக்குதல்கள் நடத்தப்பட்டன. ரவுட்டரில் 123-ஆம் போர்ட்டை வெளியிலிருந்து வரும் கேள்விகளுக்கு மூடியே வையுங்கள். நிலையான முகவரியும் அதைக் கவனிக்க ஆளும் உள்ள கல்லூரி அல்லது நிறுவனம் என்றால், தன்னார்வலர்களின் பொது நேர சர்வர் தொகுப்பான என்டிபி பூலில் இந்தியப் பிரிவின்கீழ் பதிவு செய்துகொள்ளலாம்.